அப்பாவின் மனையை விற்கிறோம், பத்திரங்களை பிளாக்செயினில் ஏற்றச் சொல்கிறார்கள். எங்கள் விவரமெல்லாம் என்ன ஆகும்?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் பெயரில் இருந்த 2,400 சதுர அடி மனையை இப்போது விற்கப் போகிறோம். வாரிசுகள் அம்மா, நான், அக்கா மூவரும்தான், அதனால் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாங்க வருபவர் ஒரு நிறுவனத்தின் செயலி வழியாக வருகிறார். தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, பட்டா, மூன்று பேருடைய ஆதார், பான் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்கிறார்கள், "எல்லாம் பிளாக்செயினில் போய்விடும், யாராலும் திருத்த முடியாது, அழிக்கவும் முடியாது, அதனால்தான் பாதுகாப்பு" என்கிறார்கள். எனக்கு அந்த "அழிக்க முடியாது" என்பதில்தான் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு அப்பாவின் மானாவாரி நிலத்தில் ஒன்றரை ஏக்கரை விற்றோம். பதிவு முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை, அம்மாவின் போனுக்குச் சீட்டு நடத்துபவர்கள், முதலீடு செய்யச் சொல்பவர்கள், வீடு கட்டித் தருகிறோம் என்பவர்கள் என்று வரிசையாக அழைப்பு. என்ன விலைக்கு விற்றோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது எங்கிருந்து கசிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த முறை அதைவிடப் பெரிய கவலை அக்காவைப் பற்றியது. கணவரிடமிருந்து பிரிந்து வேறு ஊரில் குழந்தையோடு இருக்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியக்கூடாது, அதில் நாங்கள் எல்லோரும் கவனமாக இருக்கிறோம். பத்திரத்தில் அவள் முகவரி வரும். அது அழிக்க முடியாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவசரம் இல்லை, ஆனால் அடுத்த வாரம் அட்வான்ஸ் வாங்குவதாகப் பேச்சு.

---

நிரல்நெசவு

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பிளாக்செயின் திட்டம் இரண்டில் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் இந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன், சட்டம் தெரிந்தவர்கள் மிச்சத்தைச் சொல்லட்டும்.

பிளாக்செயின் என்பது ஒரு பதிவேடு, அதன் பிரதி பல கணினிகளில் இருக்கும், ஒவ்வொரு பதிவும் முந்தையதோடு சங்கிலி மாதிரிக் கோர்க்கப்பட்டிருக்கும், அதனால் சுருக்கமாகச் சங்கிலி என்கிறேன். முதலில் அவர்களிடம் கேட்க வேண்டியது, சங்கிலியில் சரியாக எது ஏறுகிறது என்பதுதான். "பிளாக்செயினில் போடுகிறோம்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். ஸ்கேன் செய்த பத்திரத்தையே ஏற்றுகிறார்களா, பெயர், முகவரி, விலையை எழுத்தாக ஏற்றுகிறார்களா, அல்லது அதன் ஹாஷ் மட்டுமா? அப்புறம், அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுச் சங்கிலியா, அனுமதி பெற்ற சிலர் மட்டும் நுழையும் சங்கிலியா? எத்தீரியம் மாதிரி ஒரு பொதுச் சங்கிலி என்றால் அதன் பிரதி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் கிடக்கும். அதில் அக்காவின் முகவரி எழுத்தாகப் போய்விட்டால் அப்புறம் யாரிடமும் போய் அழியுங்கள் என்று கேட்க வழி இல்லை.

ஹாஷ் என்றால் ஒரு கோப்பைக் கணக்குப் போட்டு எடுக்கும் ஒரு கைரேகை மாதிரி. ஷா-256 என்ற முறையில் எவ்வளவு பெரிய பத்திரமாக இருந்தாலும் 64 எழுத்து நீளத்தில் ஒரு விடை வரும். பத்திரத்தில் ஒரு எழுத்து மாறினாலும் விடை முழுதாக மாறிவிடும், விடையை வைத்துக்கொண்டு பத்திரத்தைத் திரும்ப வரவழைக்க முடியாது. ஆகவே பத்திரம் வெளியே இருக்க, ஹாஷ் மட்டும் சங்கிலியில் இருந்தால் "இந்தப் பத்திரம் அன்றிலிருந்து மாறவில்லை" என்று நிரூபிக்கலாம். ஜார்ஜியா நாட்டில் 2016இல் தொடங்கிய நிலப்பதிவுத் திட்டம் அப்படித்தான், ஆவணங்கள் அரசின் பதிவு முகமையிடமே இருந்தன, அவற்றின் ஹாஷ்கள்தான் பிட்காயின் சங்கிலியில் பதிந்தன.

ஆனால் இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, பல பேர் அதில் விழுகிறார்கள். ஆதார் எண்ணை மட்டும் தனியாக ஹாஷ் செய்து ஏற்றிவிட்டு "எண்ணை நாங்கள் வெளியிடவே இல்லை" என்பார்கள். ஆதாரில் 12 இலக்கம். முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, அதை மற்ற இலக்கங்களிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஆக மொத்தம் 8,000 கோடி சாத்தியங்கள்தான். கேட்கப் பெரிய எண்ணாக இருக்கலாம், ஆனால் கேம் விளையாட வாங்குகிற ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வினாடிக்குப் பல நூறு கோடி ஹாஷ் போடும். எல்லா எண்ணையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து உங்கள் ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போன் எண் இன்னும் சுலபம். பான் எண்ணுக்கும் ஒரு வடிவம் உண்டு, அதுவும் அப்படியே.

இதற்கு மருந்து, ஹாஷ் போடுவதற்கு முன்பு நீளமான, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு தற்செயல் எண்ணை அதோடு சேர்ப்பது. சால்ட் என்பார்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் வேறு சால்ட், அது சங்கிலியில் ஏறக் கூடாது. அப்புறம் எப்போதாவது அழிக்க வேண்டி வந்தால் பத்திரக் கோப்பையும் சால்ட்டையும் அழித்துவிட்டால் போதும், சங்கிலியில் மிஞ்சுவது எதோடும் பொருத்த முடியாத 64 எழுத்து. (கோப்பும் சால்ட்டும் சேர்ந்து இன்னொருவரிடம் இருந்தால் அவர் பொருத்திப் பார்க்கலாம், அதை மறக்க வேண்டாம்.) அவர்கள் எந்த முறை என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

---

பத்திர எழுத்தர், 22 வருடம்

தம்பி, அவர் தொழில்நுட்பம் சொல்லிவிட்டார், நான் பதிவு அலுவலகப் பக்கத்து விஷயத்தைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்தச் செயலியில் என்ன ஏற்றினாலும் சொத்து கைமாறாது. 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவுப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்க பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஆக சார்பதிவாளர் முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். அவர்களுடைய சங்கிலி ஒரு கூடுதல் பதிவு, அவ்வளவுதான், சட்டம் அதைக் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் விற்பனை நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, நிறையப் பேருக்குத் தெரியாதது. கிரையப் பத்திரத்தின் பதிவு ஏற்கனவே பொதுப் பார்வைக்குத் திறந்ததுதான். 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவில், பதிவு அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தையும் (பத்திரங்களைப் பதியும் பதிவேடு) அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம் என்று இருக்கிறது. கிரையம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாம் 1ஆம் புத்தகம். ஆனால் உயில் 3ஆம் புத்தகத்தில் ஏறும், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் கிடையாது. அந்தக் காலத்திலேயே எதைத் திறந்து வைக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றிவிடுவது அந்த யோசனையை விட்டுவிடுவது, எனக்கு அதில்தான் வருத்தம்.

அப்போதெல்லாம் ஒருவர் உங்கள் பத்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த அலுவலகத்துக்கே வந்து, விண்ணப்பம் எழுதி, பணம் கட்டி, அரை நாள் உட்கார வேண்டும். அந்த அரை நாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது வீட்டிலிருந்தே வில்லங்கம் பார்க்கிறார்கள். நல்ல வசதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடவே பத்திரத்துக்குள் நாம் எழுதுவதையும் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை.

உங்கள் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய அடையாள அட்டையில் இன்னும் அம்மா வீட்டு முகவரி இருந்தால் பத்திரத்தில் அதையே எழுதலாம், அது பொய்யும் இல்லை, தவறும் இல்லை. புது முகவரிக்கு மாற்றிவிட்டிருந்தால் வரைவு எழுதுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கலந்துகொள்ளுங்கள். எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, சர்வே எண், செக்குபந்தி (நான்கு பக்க எல்லை), விலை, இவை இல்லாமல் பத்திரம் இல்லை. ஆனால் போன் நம்பர், மின்னஞ்சல், பணம் வந்த வங்கிக் கணக்கின் முழு எண் எல்லாம் பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். வரைவிலேயே வாசித்துப் பார்த்து, தேவையில்லாததை எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அழைப்பு வந்தது என்றீர்களே, போன பத்திரத்தின் நகலை எடுத்துப் பாருங்கள், அவருடைய எண் அதிலேயே இருந்திருக்கலாம்.

---

கப்பன்பார்க்_நடை

பெங்களூரில் இருக்கும் தமிழன். கைரேகையை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பதிவுச் சட்டம் 32ஏ பிரிவுப்படி பத்திரத்தில் புகைப்படமும் கைரேகையும் பதிய வேண்டும். அந்தப் பக்கம் ஸ்கேன் ஆகி இணையத்தில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிஜ உதாரணம் இருக்கிறது. 2018இல் தெலங்கானாவில், பெத்தப்பள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்கும் ஒருவர் பதிவுத்துறைத் தளத்தில் இருந்த பத்திரங்களைத் தரவிறக்கி, அதிலிருந்த கைரேகைகளை ரப்பர் முத்திரையாகச் செய்து, ஆயிரக்கணக்கான சிம்களை மற்றவர்கள் பெயரில் இயக்கிவிட்டார். அப்புறம் 2023இல் இங்கே பெங்களூரில், வீடு வாங்கிப் பதிவு செய்தவர்கள் கணக்கிலிருந்து ஓடிபி எதுவும் இல்லாமல் பணம் போனது. ஆதாரும் கைரேகையும் மட்டும் வைத்துப் பணம் எடுக்கும் வசதி இருக்கிறதே, அது வழியாக. பதிவுத் தளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்துதான் கைரேகை எடுத்திருக்கிறார்கள் என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தது, கர்நாடக அரசு கைரேகையை மறைக்க ஏற்பாடு செய்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவருக்கு அந்தச் சமயம் 10,000 ரூபாய் போனது, அவருடைய ரேகை எங்கிருந்து போனது என்று கடைசிவரை தெரியவில்லை, பணம் வர மூன்று மாதம் அலைந்தார்.

கர்நாடகத்தில் அது அரசுத் தளம், ஒரு உத்தரவு போட்டு மறைக்க முடிந்தது. அதே பக்கம் பொதுச் சங்கிலியில் ஏறியிருந்தால் என்ன உத்தரவு போட்டு மறைப்பது? கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

எதற்கும் முன்னால் ஆதார் ஆணையத்தின் செயலியில் அம்மாவின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் வைக்க வேண்டி வந்தால் அந்த நேரம் மட்டும் திறந்துகொள்ளலாம். ஐந்து நிமிட வேலை, இன்றைக்கே செய்யுங்கள்.

---

காணிநிலம்_72

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தா நிலத்தை ஆள்மாறாட்டம் செய்து போலிப் பத்திரம் போட்டு விற்றுவிட்டார்கள், பதினான்கு வருடமாக வழக்கு நடக்கிறது. அப்பா அந்த வழக்கிலேயே ஓய்ந்துபோனார். ஆகவே எனக்கு இந்த அந்தரங்கப் பேச்சைக் கேட்டால் வயிறு எரிகிறது. எல்லாம் திறந்து கிடந்திருந்தால், யாராலும் திருத்த முடியாத இடத்தில் இருந்திருந்தால், எங்களுக்கு இந்த நிலை வந்திருக்காது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பீகார் வழக்கு ஒன்றில், நாட்டின் சிவில் வழக்குகளில் 66 சதவீதம் சொத்துத் தகராறு என்று குறிப்பிட்டு, பதிவுக்கு பிளாக்செயின் பயன்படுமா என்று ஆராயச் சட்ட ஆணையத்திடம் சொல்லியிருக்கிறது. நம் மாநிலமும் 2020லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டு, நம்பிக்கை இணையம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒரு சிலர் மறைக்க ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக இதையெல்லாம் நிறுத்த வேண்டுமா?

---

நிரல்நெசவு

காணிநிலம் அண்ணா, உங்கள் வலி புரிகிறது, நான் நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் தாத்தா நிலத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடியது எது என்று மட்டும் பாருங்கள். இந்த சர்வே எண்ணுக்கு இன்றைக்கு யார் உரிமையாளர், அடமானம் இருக்கிறதா, கடைசியாக எப்போது மாறியது, மாறுவதற்கு முன்னால் உரிமையாளருக்கு அறிவிப்பு போனதா என்பதுதான். அதெல்லாம் நிலத்தைப் பிடித்துக்கொண்டு தேடினால் தெரிய வேண்டிய விஷயம், தெரியத்தான் வேண்டும். அக்காவின் பெயரைப் போட்டுத் தேடி அவர் எங்கே குடியிருக்கிறார், எவ்வளவு பணம் வந்தது, வேறு என்ன சொத்து இருக்கிறது என்று எடுப்பது வேறு. நிலத்தைத் தேட வழி இருக்கட்டும், ஆளைத் தேட வழி வேண்டாம், நான் கேட்பது இவ்வளவுதான். சங்கிலி முழுவதையும் யாரும் தரவிறக்கலாம், அதில் பெயரும் எழுத்தாக இருக்கிறது என்றால், ஆள்வாரிப் பட்டியலை எவனாவது ஒருவன் ஒரே ராத்திரியில் தயார் செய்து விற்றுவிடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள்மாறாட்டத்தைச் சங்கிலி தடுக்காது. பொய்யான ஆள் வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், அந்தப் பொய்யும் அதே அளவு அழியாமல் ஏறும். ஏறிய பிறகு நடக்கும் திருத்தத்தைத்தான் அது காட்டிக்கொடுக்கும். அதுவும் தேவையான காவல்தான், இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற அனுமதிச் சங்கிலியில், அந்தரங்க விவரத்தைச் சம்பந்தப்பட்டவர்களிடம் மட்டும் வைத்து, எல்லோருக்கும் ஹாஷ் மட்டும் தெரிகிற மாதிரி அமைக்கலாம், அந்தரங்கப் பகுதியைப் பிறகு நீக்கவும் செய்யலாம். வங்கிக்கு "இந்த ஆள்தான் உரிமையாளர், அடமானம் இல்லை" என்பதை மட்டும் நிரூபித்து, மற்றதைக் காட்டாமல் விடும் கணித முறைகளும் நடைமுறையில் இருக்கின்றன. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் கொடுத்த வழிகாட்டுதலும் தனிநபர் தரவைச் சங்கிலியில் வைப்பதைக் கூடியவரை தவிர்க்கத்தான் சொல்கிறது. நம் ஊரில் இதையெல்லாம் முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும், ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

---

சட்டப்புத்தகம்

சட்டப் பக்கத்தில் விட்டுப்போன இரண்டு விஷயம். அழிக்கச் சொல்லும் உரிமை 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 12ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அரசு கையாளும் தரவுக்கு அந்த அழிப்பு உரிமையை அதே சட்டத்தின் 17(4) பிரிவு எடுத்துவிடுகிறது, சட்டக் கடமைப்படி பொதுவில் வெளியிடப்பட்ட தரவுக்குச் சட்டமே பொருந்தாது என்று 3ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதோடு விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். ஆகவே இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் பலமான ஆயுதம், ஒப்புதல் கொடுக்காமல் இருப்பதுதான். தனியார் நிறுவனம் கேட்பதால் கொடுத்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. ஆதார் சட்டம் 29(4) ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதைத் தடை செய்கிறது, அதைச் சுட்டிக்காட்டியே கடிதம் எழுதுங்கள். ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் கேளுங்கள், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பை இந்தச் சட்டம் வைத்திருக்கிறது, இப்போதே கேட்டுப் பழகுவது நல்லது.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நிரல்நெசவு சொன்ன கேள்விகளை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. பொதுச் சங்கிலிதானாம். பத்திரம் அவர்கள் சர்வரில் இருக்குமாம், பெயர், ஆதார், பான் மூன்றும் தனித்தனி ஹாஷாக ஏறுமாம், சால்ட் பற்றிக் கேட்டதற்கு "ஹாஷை யாராலும் திருப்ப முடியாது, கவலைப்பட வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஆதாரை விட்டுவிட்டுப் பத்திரக் கோப்புக்கு மட்டும் சால்ட் சேர்த்துப் போட முடியுமா என்று மறுபடி கேட்டேன், ஒருவருக்காக மாற்ற முடியாது என்றார்கள்.

அதனால் வாங்குபவரிடம் நேரிலேயே பேசினேன். அவருக்கும் இந்த விவரம் எதுவும் தெரியாது, அவருடைய ஆதாரையும் பானையும் ஏற்கனவே கொடுத்துவிட்டாராம், கேட்டதும் முகம் மாறிவிட்டது. செயலி இல்லாமலே கிரைய ஒப்பந்தம் போட்டு நேராகப் பதிவு செய்ய ஒத்துக்கொண்டார்.

அக்காவின் ஆதாரில் இன்னும் அம்மா வீட்டு முகவரிதான், அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவின் பயோமெட்ரிக்கை நேற்று பூட்டிவிட்டோம், அக்காவுக்கும் எனக்கும் சேர்த்தே செய்துவிட்டேன். போன பத்திரத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன், இரண்டாம் பக்கத்தில் அம்மாவின் போன் எண் இருக்கிறது.

பத்திர எழுத்தர் சார், வரைவு வெள்ளிக்கிழமை கைக்கு வரும். பெயர்களை மறைத்துவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாமா? எதை எடுக்கலாம் என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.

---

பத்திர எழுத்தர், 22 வருடம்

அனுப்புங்கள் தம்பி. பெயரோடு ஆதார், பான், கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள், எனக்கு அவை வேண்டாம். செக்குபந்தியையும் அளவையும் மட்டும் மறைக்காதீர்கள், அதில் பிழை இருந்தால் அதையும் பார்த்துவிடுகிறேன்.